ஏழுமலை அண்ணன் தோளில் நான்கு விரல்

உயிரோடு இருக்கும் ஒரு மனிதரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். (போலீஸ் ஸ்டேஷனில் கைப்பட எழுதியே கொடுத்திருக்கிறேன். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது?) அதே நாளில், நிஜமாகவே செத்துப்போன ஒருவரை ஊர் கண்ணில் படாமலும் செய்தேன். இரண்டையும் ஒரே போஸ்டரில் முடித்தேன். இருபத்திரண்டு வயதில் எல்லோரும் ஏதாவது முட்டாள்தனம் செய்கிறார்கள், அது அவர்களோடு போய்விடுகிறது. என்னுடையது இருநூறு பிரதி அச்சாகி, திருவண்ணாமலைச் சுவர்களில் மைதா பசை போட்டு ஒட்டப்பட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு ரசிகர் மன்றத்தின் துணைச் செயலாளராக இருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. பி.காமில் மூன்று பேப்பர் பாக்கி, வீட்டில் தண்டச்சோறு என்ற பட்டம், நெஞ்சில் பச்சை குத்திக்கொள்ளாத குறையாக ஒரு நடிகர். அந்த நடிகரை நாங்கள் தலைவர் என்போம். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் இன்றும் சௌக்கியமாக இருக்கிறார். அவர் பெயரையும் சாவையும் இன்னொரு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

மன்றத்தின் செயலாளர் ஏழுமலை அண்ணன். போளூர் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட், கிரில், கல்லாப்பெட்டிக் கம்பி எல்லாம் அடிப்பார். நாற்பத்து மூன்று வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டறையை மூடிய பிறகு நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி 'சீன் சொல்லுவோம்'. ஆளுக்கு ஒரு சீன். நான் எப்போதும் சண்டைக் காட்சிதான் சொல்லுவேன். தலைவர் சட்டைக் கையை மடிக்க ஆரம்பிப்பதிலிருந்து எட்டாவது ஆள் காய்கறி வண்டியில் விழுவது வரை, வாயாலேயே பின்னணி இசையும் போடுவேன். என் நண்பன் பாபுவுக்கு இடைவேளைக்கு முந்தைய சீன். தலைவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தத் திரும்பலை மட்டும் பாபு பத்து நிமிடம் சொல்லுவான், கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

அண்ணன் சொல்லும் சீனில் சண்டையும் கிடையாது, திரும்பலும் கிடையாது. ஜெயிலிலிருந்து வெளியே வரும் தலைவர், சொந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். மகள் திறப்பாள். அவளுக்கு அப்பா முகம் தெரியாது. அவரும் சொல்ல மாட்டார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவார். "யாருனே தெரியாம வந்துட்டுப் போறாரு பாரு, அதான்டா நடிப்பு" என்பார் அண்ணன். கண் கலங்கிவிடும். வெல்டிங் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது என்று எங்களிடம் சமாளிப்பார்.

பட்டறை மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. முதல் நாள் முதல் காட்சி டிக்கெட்டுகளின் கிழிந்த பாதிகள், பாட்டுப் புத்தகங்கள், தியேட்டர் ஆபரேட்டரிடம் கெஞ்சி வாங்கிய ஆறு கட்டம் பிலிம், கூட்ட நெரிசலில் தலைவரின் சட்டையிலிருந்து தெறித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பட்டன். எல்லாவற்றுக்கும் மேலே, துணியில் சுற்றி, அந்த போட்டோ. தலைவர் அடி அண்ணாமலைப் பக்கம் ஷூட்டிங் வந்தபோது நான்கு நாள் வேலையை விட்டுவிட்டுக் காத்துக் கிடந்து எடுத்தது. நடுவில் தலைவர், இடது பக்கம் நாங்கள் மூன்று பேர், வலது பக்கம் அண்ணன் மட்டும். அண்ணன் தோளில் தலைவரின் கை. அண்ணன் அதில் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் நேரில் பார்த்ததில்லை. (நானும் அந்தப் படத்தில் இருந்தேன். என் கண் மூடியிருந்தது.)

ஒரு வியாழக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருந்த ஏழுமலை அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாங்கள் போனபோது வாசலில் பெஞ்சு போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணனின் மனைவி கஸ்தூரி அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வயது மகள் செல்வி அவர் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். பட்டறையிலிருந்து தூக்கி வந்த டிரங்குப் பெட்டியை பாபு அழுதுகொண்டே திறந்து, தலைவரின் பட்டனை எடுத்து அண்ணன் சட்டைப் பையில் வைத்தான். அண்ணி எழுந்து வந்து அதை வெளியே எடுத்தார். "அவரு சட்டைல பட்டன் எல்லாம் சரியா இருக்குது பாபு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சம்பத்து, போஸ்டர் போடப் போறீங்களா?"

"ஆமாங்க அண்ணி. மன்றத்து சார்பா."

அவர் பெட்டியிலிருந்து அந்த போட்டோவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"பத்து வருசமா இந்த ஊரு செவுத்துல எல்லாம் இவரு பேரு வந்துச்சி. கீழ, ஓரமா, எறும்பு மாதிரி. மூஞ்சி ஒரு நாளும் வர்ல. கல்யாண போட்டோ மழைல ஊறிப் போச்சி, வேற படமும் இல்ல. இவர மட்டும் கத்திரிச்சி எடுத்து, பெரிசா போடு. கல்யாணத்துல கூட இந்த மனுசன் இப்படி சிரிக்கல. இன்னிக்கி ஒரு நாளு ஊரு இந்த மூஞ்சிய பாக்கட்டும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் ஒரு வேலையைச் சொல்ல முடியாது. ஒரு கத்திரிக்கோலும் இரண்டு கையும் உள்ள யாரும் இதைச் செய்திருப்பார்கள்.

தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் இருந்த பிரஸ்ஸுக்கு ஓடினேன். ஊருக்கு ஆப்செட் மிஷின் வந்த புதிது. பிரஸ்காரர் போட்டோவை வாங்கிப் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார்.

"நாலு மணிக்கு எடுக்கறாங்கனு சொல்ற, இப்பவே பத்தாவுது. ஆள மட்டும் கத்திரிச்சிக் குடு தம்பி, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று கத்திரிக்கோலை நீட்டினார்.

வாங்கினேன். வெட்டும் முன் முனையை மட்டும் படத்தின் மேல் ஓட்டிப் பார்த்தேன், அண்ணனின் தலையைச் சுற்றி வந்து, தோள்பக்கம் இறங்கியபோது நின்றேன். அங்கே தலைவரின் கை இருந்தது. அண்ணனைத் தனியே எடுக்க வேண்டுமென்றால் தலைவரின் விரல்களை வெட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள். தலைவருக்கு ஜலதோஷம் என்று செய்தி வந்தால் அண்ணாமலையார் கோயிலில் நெய்விளக்கு ஏற்றுகிறவன் நான். உயிரோடு இருக்கும் தலைவரின் கையை, அதுவும் சாவு போஸ்டருக்காக, என் கையாலேயே வெட்டுவதா? அபசகுனம் அல்லவா? செத்துப்போன ஏழுமலை அண்ணனே எழுந்து வந்து என்னை அறைவார் என்று நினைத்தேன். (கஸ்தூரி அண்ணி அறைவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் மன்ற உறுப்பினர் இல்லையே.)

"வேணாங்க, முழுசா அப்படியே போட்டுடுங்க" என்றேன்.

"செத்தது யாருனு தெரிய வேணாவா?"

"கீழ பேரு இருக்குல்லங்க. அதுவுமில்லாம, ஊருக்கே அவர தெரியும்."

பிரஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க இஷ்டம்" என்றார். வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். பழக்க தோஷம், மன்றம் பத்து வருஷமாகப் போடுகிற அதே அமைப்பிலேயே எழுதினேன். மேலே முழ நீளத்துக்குத் தலைப்பு, நடுவில் படம், அடியில் சின்ன எழுத்தில் 'ஏ. ஏழுமலை, நகர மன்றச் செயலாளர்'. மேளத்துக்குச் சொல்ல வேண்டும், பூவுக்குச் சொல்ல வேண்டும் என்று அச்சாவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். பையன்கள் வந்து வாங்கி ஒட்டிக்கொள்வார்கள் என்றேன்.

ஒரு மணிக்கு மாலையோடு செங்கம் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோதுதான் முதல் போஸ்டரைப் பார்த்தேன்.

போஸ்டர் உயரவாக்கில் இருந்தது. போட்டோ அகலவாக்கில் எடுத்தது. பிரஸ்காரர் அவசரத்தில் படத்தைப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் மிஞ்சியதை விட்டுவிட்டார். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துகளுக்குக் கீழே தலைவர் முகம் நிறையப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கை வலது ஓரத்தில் ஒரு தோளின் மேல் இருந்தது. அந்தத் தோளுக்கு மேலே தலை இல்லை. போஸ்டர் அங்கே முடிந்துவிட்டது. அடியில் வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில், ஏழுமலை அண்ணனின் பெயர். தலைவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்ன ஏழுமலை, படம் நூறு நாள் ஓடியதற்கு நன்றி சொன்ன ஏழுமலை, இப்போது தலைவரின் சாவுக்கு அஞ்சலி செலுத்துகிறார். ஊர் அப்படித்தான் படித்தது. வேறு எப்படிப் படிக்கும்?

என் பக்கத்தில் நின்ற பழக்கடைக்காரர் போஸ்டரைப் பார்த்தார். சாக்கை எடுத்து ஆரஞ்சுகளை மூட ஆரம்பித்தார். அடுத்த கடை ஷட்டர் இறங்கியது. அதற்கடுத்தது. அரைமணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டு வரை சாத்திவிட்டார்கள். தொலைபேசி பூத்துகளில் மெட்ராசுக்கு லைன் கிடைக்கவில்லை, கிடைக்காததே சாவுக்கு அத்தாட்சியாகிவிட்டது. தியேட்டர் வாசலில் ஆயிரம் பேர் கூடி மாரில் அடித்துக்கொண்டார்கள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் முன்கண்ணாடி போனது. ஒருவர் மொட்டையே அடித்துக்கொண்டார். இதெல்லாம் இன்று சொன்னால் சிரிப்பு வரும். இன்னொருவன் கெரசின் கேனோடு தியேட்டர் மாடிக்கு ஏறினான். நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்து இறக்கினார்கள். அதை மட்டும் நான் இன்றைக்கும் சிரித்துச் சொல்வதில்லை.

நான் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அங்கே அதைவிட மோசம். செய்தி உண்மைதானா என்று செயலாளரைக் கேட்டுப்போக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். செயலாளர் வாசலில் மாலையோடு படுத்திருந்தார். வந்தவர்களில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, தலைவர் போன துக்கத்துல ஏழுமலையும் போய்ட்டாரே! இதுவல்லவோ ரசிகன்" என்று கதறினார். பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கஸ்தூரி அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு யாருக்காவும் சாவல. காலைல ஆறு மணிக்கே நெஞ்சு வலிச்சி செத்தாரு" என்றார். யாரும் கேட்கவில்லை. துக்கத்தில் செத்த கதைதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

அப்போது பாபு, மூளை கலங்கிப்போய், ஒரு போஸ்டரைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான். அண்ணி அதை வாங்கித் தரையில் விரித்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"இவரு எங்க சம்பத்து?"

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், உளறியிருக்கிறேன். அன்று சொன்னதுபோல் ஒன்றை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. குனிந்து, போஸ்டரின் ஓரத்தில் விரல் வைத்து, "இதோ அண்ணி, இந்தத் தோளு" என்றேன்.

அவர் என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். செல்வியும் எட்டிப் பார்த்தாள். அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். முதலில், ஊர் இருக்கிற நிலையில் மேளதாளத்தோடு ஊர்வலம் கிடையாது, பிணத்தை வேனில் ஏற்றி உடனே கொண்டு போங்கள் என்றார். பூப்பல்லக்கு பாதி கட்டியபடியே நின்றது. அடுத்து என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், நடந்ததை என் கைப்பட எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்றில் ஏற்றி, ஊர் முழுக்க இதைப் படித்துக்கொண்டே போ என்றார்.

படித்துப் பார்த்தேன். 'நடிகர் நலமாக உள்ளார். இறந்தவர் வேறு ஒருவர். வதந்தியை நம்ப வேண்டாம்.'

"சார், செத்தவரு பேரயும் சொல்லிடட்டுமா? ஏழுமலைனு..."

"பேரு கீருனு சொல்லி மறுபடியும் கொழப்பாத. எழுதினத படி."

படித்தேன். கையில் மைக் இருந்தது, ஊரே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏழுமலை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் என் தலையா போயிருக்கும்? ஆனால் பின்சீட்டில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். லத்தி வேறு வைத்திருந்தார். எட்டாவது ஆள் காய்கறி வண்டியில் விழும்வரை வாயாலேயே சண்டை போட்ட வீரன், இறந்தவர் வேறு ஒருவர், இறந்தவர் வேறு ஒருவர் என்று சன்னதித் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை கத்திக்கொண்டே போனேன்.

தியேட்டர் முன்னால் போனதும் கூட்டம் முதலில் நம்பவில்லை. அதற்குள் யாருக்கோ மெட்ராஸ் லைன் கிடைத்துவிட்டது. தலைவர் ஷூட்டிங்கில் இருக்கிறார், மதியம் சாப்பிட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். விசில் பறந்தது. தீபாவளிக்கு வைத்திருந்த சரவெடியை எடுத்து வந்து வெடித்தார்கள். மொட்டை அடித்தவரைத் தோளில் தூக்கி ஆடினார்கள். ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டு, "இன்னொரு தடவ சொல்லு, இன்னொரு தடவ சொல்லு" என்றார்கள். நானும் சொன்னேன். ஒவ்வொரு முறை 'வேறு ஒருவர்' என்றபோதும் கை தட்டினார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், ரோட்டோரமாக, ஒரு வேன் வழி கிடைக்காமல் ஊர்ந்து போனது. வேனுக்குள் பாபுவும் இன்னும் ஏழு பேரும், நடுவில் அண்ணனும் இருந்தார்கள். மன்றத்தில் நூற்று இருபது உறுப்பினர்கள். மற்ற எல்லோரும் வேனுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தார்கள். வேன் ஓட்டியவர் ஹாரன் அடித்தார். ஒருவன் திரும்பிப் பார்த்து, சந்தோஷத்தில் ஒரு கை சாக்லேட்டை ஜன்னல் வழியாக உள்ளே வீசினான். அது அண்ணனின் மேல் விழுந்ததாக பாபு பிறகு சொன்னான்.

நான் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எரிந்துகொண்டிருந்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. போஸ்டரில் ஊருக்குக் காட்டாமல் விட்ட முகத்தைக் கடைசியாக நானும் பார்க்கக்கூடாது என்றிருந்தது போலும். மறுநாள் ஒரு பேப்பரில் இரண்டு வரி வந்தது, நடிகர் இறந்ததாகப் பரவிய வதந்தியைக் கேட்டு ரசிகர் அதிர்ச்சியில் மரணம் என்று. அதிலும் பெயர் தப்பு. அடுத்த மூன்று நாள், போலீஸ் உத்தரவுப்படி, வாளித் தண்ணீரும் கரண்டியுமாக இருநூறு போஸ்டரையும் நானே சுரண்டினேன். மைதா பசை லேசில் விடாது. முகம் போய்விடும், அந்தத் தோள் மட்டும் சுவரிலேயே நிற்கும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அண்ணி என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபிறகு காபி கொடுத்துவிட்டு, "வேற யாரோனு சொன்னியே" என்றார். "இங்க வரிக்கும் கேட்டுச்சி. செல்வி கேட்டா, அப்பாவதான் சொல்றாரா அந்த அண்ணன்னு."

சட்டைப் பையிலிருந்து அந்த போட்டோவை எடுத்தேன். பிரஸ்ஸிலிருந்து அது முழுசாகவே திரும்பி வந்திருந்தது. கத்திரிக்கோல் கேட்டேன். செல்விதான் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணனின் தலையைச் சுற்றி வந்தேன், தோளுக்கு இறங்கினேன். இந்தமுறை நிற்கவில்லை. தலைவரின் நான்கு விரல்கள் அண்ணன் தோளிலேயே தங்கிவிட்டன. மீதித் தலைவர், கண்மூடிய என்னோடு, தரையில் விழுந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த படம் வெள்ளிவிழா.

அண்ணனின் சிரிப்பை ஒரு முழ உயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அண்ணி வாங்கிச் சுவரில் மாட்டினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது வருஷம் செல்விக்கு ஸ்கூல் பாரம் நிரப்ப ஆள் வேண்டியிருந்தது, என் கையெழுத்து நன்றாக இருந்தது.

செல்வியின் கல்யாணம் கீழ்பென்னாத்தூரில் நடந்தது. அதற்குள் எனக்குத் தொப்பை, மனைவி, இரண்டு பிள்ளைகள். குடும்ப போட்டோ எடுக்க மேடையில் எல்லோரும் நெருக்கி நின்றோம். நான் வழக்கம்போல் கடைசியில் ஒண்டினேன். கஸ்தூரி அண்ணி அங்கிருந்தே சத்தம் போட்டார். "சம்பத்த நடுவுல நிக்க வையுங்க! ஓரமா நின்னா வெறும் தோளுதான் வரும்!" மேடையே சிரித்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் இது இன்றைக்கும் ஓடுகிறது. யார் கேமராவை எடுத்தாலும் என் மனைவி என் சட்டையைப் பிடித்து நடுவில் இழுப்பாள். என் மகன் செல்வியைவிட நன்றாக அந்தப் போஸ்டர் கதையைச் சொல்லுவான், வாயாலேயே பின்னணி இசையும் போட்டு.

அன்று மேடையில் ஒரு நாற்காலியில் அண்ணனின் படத்தையும் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் அதைக் குனிந்து உற்றுப் பார்த்தார். "இன்னா அழகா சிரிக்கிறாரு! தோள்மேல கை வெச்சிருக்கறது யாருங்க?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டார். படத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதுவா? அது வேற ஒருத்தரு."